பத்தாம் மனை வீடு: வாரம் பெர்சியில் ஓர் அகழாய்வும் அதன் மறுவாசிப்பும்

பின்னணி

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரில், வோல்ட்ஸ் என்றொரு மேட்டுநிலம் உண்டு. மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் வெள்ளை வெளேரென்று சாக் கல் வந்துவிடும். கல் என்றுதான் பெயர். நனைந்த கல்லில் உறைபனி ஏறினால் பொரிந்து உதிர்ந்துவிடும். இந்தக் கதையில் அந்தக் கல்லுக்குப் பெரிய பங்கு இருப்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த மேட்டில் ஒரு பள்ளத்தாக்கின் ஓரமாக வாரம் பெர்சி என்ற ஊர் இருந்தது. (நம்மூரில் நிலத்தை வாரத்துக்கு விடுகிறோமே, அந்த வாரம் அல்ல. பெர்சி என்பது ஊரை வைத்திருந்த பிரபுக் குடும்பத்தின் பெயர்.) 1086-ல் இங்கிலாந்து அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் வாரம் இருக்கிறது. 1500-ஐ ஒட்டி ஊர் காலியாகிவிட்டது. இன்று அங்கே கூரையில்லாத ஒரு தேவாலயம், ஒரு குளம், மேய்ச்சல் புல், புல்லுக்கு அடியில் வரிசையாகப் புடைப்புகள். ஒவ்வொரு புடைப்புக் கட்டமும் ஒரு மனை. மனைக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை. நம் கிராமத்தை மேலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

ஊர் எப்படி அழிந்தது என்று கேட்டால் கொள்ளைநோய் என்று சொல்வது வழக்கம். 1349-ல் அந்தப் பக்கம் பிளேக் வந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகும் ஊரில் முப்பது வீடுகள் வரை இருந்தன. நூறு வருடம் கழித்து அதில் ஏறக்குறைய பாதி. கடைசியில் நிலத்தை வைத்திருந்தவர் ஹில்டன் பிரபு. உழவைவிட ஆட்டுக் கம்பளி லாபமாக இருந்த காலம். 1517-ல் அரசாங்கம் நடத்திய விசாரணையில், இந்த ஊரில் நான்கு வீடுகள் இடிக்கப்பட்டு நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஆக ஊர் ஒரே இரவில் சாகவில்லை. மெல்ல மெல்லக் காலியாகி, மிச்சம் இருந்தவர்களை ஆடு வெளியேற்றியது.

அதே ஆடுதான் வீடுகளைக் காப்பாற்றியதும். மேய்ச்சல் நிலமானதால் வீடுகள் நின்ற இடத்தில் ஏர் ஓடவில்லை. ஏர் ஓடியிருந்தால் ஒரு வரிசைக் கல் உயரமே இருக்கும் குடியானவன் வீட்டுச் சுவர் மிஞ்சியிருக்காது.

இந்த ஆய்வு அந்த மனைகளில் ஒன்றைப் பற்றியது. அகழாய்வுப் பதிவில் அதற்கு எண் 10. அதில் பல தலைமுறைகள் வாழ்ந்த குடியானவக் குடும்பங்களை இங்கே பெயரில்லாமல்தான் சொல்லப்போகிறேன். பத்திரத்திலும் கல்வெட்டிலும் இடம்பிடிக்கும் ஆட்கள் அல்ல அவர்கள்.

முதல் குழிகள், 1950–1952

1940-களில், இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்கள் மிக அரிது என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான எண்ணம். வயலில் தெரியும் புடைப்புகளைக் காட்டினால், அவை வீடுகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டுக்கு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஆவணத்தில் இருக்கும் ஊர் மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 1948-ல் வாரம் பெர்சியைப் போய்ப் பார்த்தார். 1950-ல் மண்வெட்டியை எடுத்தார்.

அவர் அகழாய்வாளர் அல்ல. புடைப்பின் மேல் ஒரு குழி போடுவது, கல் தட்டுப்பட்டால் அதன் வழியே தொடர்ந்து போவது, மூலை வந்தால் திரும்புவது: இதுதான் முதல் இரண்டு மூன்று வருடத்து முறை. பலன் உடனே கிடைத்தது. சுவர் இருந்தது, வீடு இருந்தது. கேள்வி 'இருக்கிறதா இல்லையா' என்பதோடு முடிந்திருந்தால் அதோடு மூட்டை கட்டியிருக்கலாம்.

சுவரைப் பின்தொடர்ந்து போவதில் ஒரு பெரிய நஷ்டம் உண்டு. சுவரின் இரு பக்கமும் மண்ணை வெட்டிக்கொண்டே போகும்போது, சுவருக்கும் தரைக்கும் இருந்த ஒட்டு அறுந்துவிடுகிறது. எந்தத் தரை எந்தச் சுவரோடு சேர்ந்தது என்பது அந்த ஒட்டில்தான் இருக்கிறது. சுவர் முதலில் வந்ததா, தரை முதலில் வந்ததா என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல மண் இருக்காது. சாக் கல்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. நிற்கும் சுவரும், சரிந்து விழுந்த சுவரும், யாரோ தரையை மேடாக்கக் கொட்டிய கல்லும் ஒரே நிறம், ஒரே அளவு. முகம் பார்த்து அடுக்கியதா, சும்மா கிடப்பதா என்று தீர்மானிக்கக் கொஞ்சம் அகலமாகத் திறந்து பார்த்தால்தான் முடியும். ஒரு முழ அகலக் குழிக்குள் நின்றுகொண்டு முடியாது.

1952-ல் ஜான் ஹர்ஸ்ட் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் தொல்லியல் படித்தவர், இடைக்கால மட்பாண்டங்களில் ஈடுபாடு கொண்டவர். குழி போட்டுச் சுவர் தேடும் வேலை அதோடு நின்றது.

எடுத்த முடிவு: வீடு முழுவதையும் திறப்பது

அந்தக் காலத்தில் நல்ல அகழாய்வு என்றால் கட்டமுறை. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே மண்வரப்பை வெட்டாமல் விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே தோண்டுவது. 1945-ல் அரிக்கமேட்டில் தோண்டிய மார்டிமர் வீலர் பரப்பிய முறை. வரப்பின் பக்கவாட்டில் மண்ணடுக்குகள் புத்தகம்போல் தெரியும், வாசிக்கலாம். ஆழமான அடுக்கும் கனத்த சுவரும் உள்ள இடத்துக்கு இது மிகவும் பொருத்தம்.

பத்தாம் மனை அப்படிப்பட்ட இடம் இல்லை. அடுக்கு ஆழமில்லை. சுவர் என்பது பல இடங்களில் ஒரே வரிசைக் கல். ஒரு வரப்பை விட்டால் அதற்கு அடியில் ஒரு வாசலே மறைந்துபோகும். சதுரத்துக்குள் தெரிகிற நான்கு கல்லை வைத்துக்கொண்டு அது சுவரா குப்பையா என்று சொல்ல முடியாது. டென்மார்க்கில் அக்செல் ஸ்டீன்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் பழைய கிராம வீடுகளை வரப்பே விடாமல் ஒட்டுமொத்தமாகத் திறந்து, மேலிருந்து ஓர் அடுக்கை முழுவதும் வரைந்து எடுத்த பிறகே அடுத்த அடுக்குக்கு இறங்குவார். அந்த முறையை வாரம் பெர்சிக்குக் கொண்டுவருவதென்று முடிவாயிற்று.

இதற்கும் ஒரு விலை இருந்தது. வரப்பு இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மண்சுவர் இல்லை. எடுத்தது எடுத்ததுதான். ஆகவே ஒவ்வொரு கல்லையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். கிடைத்த ஒவ்வொரு பொருளுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் எழுத வேண்டும். அப்படியே செய்தார்கள். வருடத்துக்கு ஜூலையில் சுமார் மூன்று வாரம், பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்களும் மாணவர்களும். 1953-ல் தொடங்கி 1960-ல் முடிந்தது. ஒரு குடியானவன் வீட்டைத் திறக்க எட்டுக் கோடைக்காலம். இந்த நிதானத்தை அப்போது கேலி செய்யவும் ஆள் இருந்திருக்கும். பின்னால் நடந்ததைப் பார்த்தால், இந்த ஆய்வில் எடுத்த முடிவுகளிலேயே சரியானது இதுதான் என்பேன்.

கண்டவை

மேல் அடுக்கில் தெரிந்தது ஒரு நீளவீடு. நடுவில் எதிரெதிர் வாசல்களை இணைக்கும் இடைகழி. ஒரு பக்கம் மனிதர்கள் இருக்கும் பகுதி, தரை நடுவில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியே கசிந்து போகும். மறுபக்கம் மாட்டுக்கோ தட்டுமுட்டுச் சாமானுக்கோ. ஒரே கூரைக்குக் கீழ் வீடும் தொழுவமும்.

தரை சுத்தமாக இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. 'இடைக்காலக் குடியானவன் அழுக்கில் புரண்டான்' என்பது ஐரோப்பாவில் வெகுகாலம் ஓடிய கதை. இந்த ஊர் வீடுகளில் தரை நடுவே குழிந்து, ஓரத்தில் உயர்ந்து இருந்தது. விளக்குமாறு தேய்த்துத் தேய்த்து வந்த குழிவு அது. தினமும் கூட்டிய வீடு. கூட்டிய குப்பை எருக்குழிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் போயிருக்கிறது. அதனாலேயே வீட்டுக்குள் பொருள் குறைவு. மண்ணைத் தோண்டுகிறவருக்கு இப்படிப்பட்ட சுத்தக்காரி ஒரு சோதனைதான்.

ஊர் முழுவதிலும் கிடைத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பூட்டு உண்டு, சாவி உண்டு. ஜெர்மனியின் ரைன் பக்கத்து எரிமலைக்கல்லில் செய்த திரிகைத் துண்டுகள் உண்டு. கடல் அருகே இல்லாத மேட்டூரில் கடல்மீன் முள் உண்டு. பூட்டு வாங்குகிறவனிடம் பூட்டி வைக்க ஏதாவது இருந்திருக்க வேண்டும். இந்தப் பூட்டும் சாவியும் பின்னால் ஒரு சந்தேகத்துக்குத் துணை வரும்.

மனைக்குள்ளேயே கல் தோண்டிய பள்ளங்களும் இருந்தன. சுவருக்குக் கல் வேண்டுமென்றால் கொல்லைப்புறத்தில் தோண்டி எடுத்துக்கொள்வது, பிறகு பள்ளத்தை மூடிவிடுவது. மூடிய பள்ளத்தின் மேல் அடுத்த கட்டடம் வரும். மண் இறங்கும், சுவர் சாயும்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று இதற்கெல்லாம் அடியில் வந்தது. குடியானவன் வீட்டைத் தேடி இறங்கியவர்கள் பிரபுவின் வீட்டில் போய் நின்றார்கள். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செதுக்கிய மணற்கல்லில் கட்டிய ஒரு கீழறை. மேலே பிரபு குடும்பத்தின் தனியறை இருந்திருக்கும். சாக் கல் பொறுக்கி அடுக்கிய வேலைக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 13-ஆம் நூற்றாண்டில் பண்ணை மாளிகை ஊரின் வேறு பக்கத்துக்குப் போய்விட்டது. பழைய இடத்தை மனைகளாகப் பிரித்துக் குடியானவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊரின் அமைப்பு என்றைக்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. முதல் குழிகளோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கீழறை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஆனால் தோண்டியவர்களை அதிகம் யோசிக்க வைத்தது சுவர்கள்தான். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, சற்றே வேறு வேறு திசையில் போகும் சுவர்த்துண்டுகள். முழு நீளத்துக்கு ஒரே சுவராக எதுவும் இல்லை. இங்கே ஐந்தடி, அங்கே எட்டடி. ஒரு துண்டு கொஞ்சம் உள்ளே தள்ளி, இன்னொன்று கொஞ்சம் வெளியே.

அப்போது சொன்ன விளக்கம்

ஹர்ஸ்டின் விளக்கம் நேரானது. சாந்து இல்லாமல், ஆழமான அடித்தளம் இல்லாமல், உறைபனியில் உதிரும் கல்லில் கட்டிய சுவர் நெடுநாள் நிற்காது. வீடு ஏறக்குறைய தலைமுறைக்கு ஒருமுறை விழுந்திருக்கும் அல்லது இடிக்கப்பட்டிருக்கும். பக்கத்திலேயே, பழைய கோட்டைப் பார்க்காமல், புதிதாக இன்னொன்றைக் கட்டியிருப்பார்கள். சுவர்த்துண்டுகளை ஒரே காலத்தவை என்று தோன்றியபடி இணைத்துப் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல வீடுகள். சில வீடுகள் திசையே மாறி நின்றன.

இதில் ஆதாரத்தை மீறிய கற்பனை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவர் பலவீனம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. துண்டுகள் ஒன்றையொன்று வெட்டுவது வரைபடத்தில் இருந்தது. சுவர் மாறினால் வீடு மாறியது என்று அர்த்தம்: இது ஒன்றுதான் யாரும் கேள்வி கேட்காமல் உள்ளே வந்த அனுமானம். செங்கல் வீட்டில் வளர்ந்தவருக்கு அது அனுமானமாகவே தோன்றாது. சுவர் இருந்தால்தானே சித்திரம் என்கிறோம், சுவர் இருந்தால்தானே கூரையும்.

விளக்கம் வேகமாகப் பரவியது. வாரம் பெர்சிதான் அந்தத் துறைக்கே பள்ளிக்கூடம் மாதிரி. வேறு ஊர்களில் தோண்டியவர்கள் பலர் இங்கே வந்து பழகியவர்கள். இடைக்காலக் குடியானவன் வீடு என்றால் ஒரு தலைமுறை தாங்கும் குடிசை, தானே பொறுக்கிய கல்லில் தானே கட்டியது என்ற படம் பாடங்களிலும் ஏறிவிட்டது. பத்தாம் மனையின் முழு அறிக்கை அச்சில் வந்தது 1979-ல். தோண்டி முடித்துப் பத்தொன்பது வருடம் கழித்து. அதற்குள் முடிவு ஊர் சுற்றி வந்துவிட்டது, ஆதாரம் பிறகுதான் வந்து சேர்ந்தது. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. தொல்லியலில் இது அபூர்வமும் இல்லை.

மறுவாசிப்பு, 1989

அதே சுவர்களைத் தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ராத்மெல் 1980-களில் மறுபடி எடுத்துப் பார்த்தார். புதிதாகப் பத்தாம் மனையைத் தோண்டவில்லை, தோண்ட அங்கே மிச்சமும் இல்லை. வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்டார்: கூரை எதன் மேல் நின்றது?

இங்கிலாந்தின் பழைய கிராம வீடுகளில் 'கிரக்' என்றொரு கட்டுமானம் உண்டு. இயற்கையாகவே வளைந்த ஓக் மரத்தைத் தேர்ந்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்தால், ஒரே வளைவுள்ள இரண்டு மரம் கிடைக்கும். இதைத்தான் இனி வளைமரம் என்கிறேன். இரண்டையும் எதிரெதிராகச் சாய்த்து உச்சியில் பிணைத்தால் ஒரு ஜோடி. அப்படி மூன்று நான்கு ஜோடியை வரிசையாக நிறுத்தி, மேலே முகட்டு வளையும் பக்க வளைகளும் போட்டு, கைமரம் இறக்கி வேய்ந்தால் வீடு. இரண்டு ஜோடிக்கு நடுவே உள்ளது ஓர் அங்கணம். கூரையின் பாரம் முழுவதும் வளைமரம் வழியாக அதன் காலுக்கு இறங்குகிறது. சுவர் காற்றையும் மழையையும் தடுக்கிறது, அவ்வளவுதான். சுவர் விழுந்தால் வீடு விழாது.

இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் துண்டுகள் வேறு மாதிரி பேசுகின்றன. ஓர் அங்கணத்துச் சுவர் உதிர்ந்தது, அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கினார்கள். கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. பத்து வருடம் கழித்து எதிர்ப்பக்கத்தில் இன்னொரு அங்கணம். அது கொஞ்சம் கோணல். அப்புறம் ஒரு மூலை. கூரை அப்படியே இருக்க, அடியில் சுவர் மட்டும் துண்டு துண்டாக மாறிக்கொண்டே இருந்தது. இந்தத் துண்டுகளைக் காகிதத்தில் தப்பாகக் கோத்தால் திசை மாறி நிற்கும் இல்லாத வீடுகள் பிறக்கும். மறுவாசிப்பு எல்லா மாற்றத்தையும் மறுப்பதில்லை. ஆனால் தலைமுறைக்கு ஒரு வீடு என்ற கணக்கு அதோடு ஆட்டம் கண்டது. மழைக்காலம் முடிந்து மண்சுவரைப் பூசியவர்கள் யாரும் புதுவீடு கட்டியதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த அளவுக்குச் சாதாரணமான விஷயம் இது.

வரைபடம் மட்டும் போதாது என்பது ராத்மெலுக்குத் தெரியும். அவர் கை நீட்டிய இரண்டாவது இடம் ஆவணங்கள். அந்தக் காலத்தில் பிரபு தன் நிலத்துக் குடிகளுக்கு நடத்திய பண்ணை நீதிமன்றத்தின் பதிவேடுகளில், குத்தகைக்காரன் இத்தனை அங்கணத்தில் வீடு கட்ட வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்று வருகிறது. வளைமரம் ஜோடிக் கணக்கில் பேசப்படுகிறது. மரத்தைச் சில சமயம் பிரபுவே கொடுக்கிறார். தச்சனுக்குக் கூலி கொடுக்கப்படுகிறது. வீட்டைவிட்டுப் போகிறவன் மரத்தைக் கழற்றிக்கொண்டு போனால் வழக்கு வருகிறது. அதாவது வீட்டில் விலை உள்ள பொருள் மரம்தான், சுவர் இல்லை. மூன்றாவது, இன்றும் நிற்கும் வீடுகள். வடக்கு யார்க்‌ஷயரில் வளைமரம் வைத்த பழைய வீடுகள் உண்டு. தெற்கே, இங்கிலாந்தின் நடு மாவட்டங்களில் அதேபோன்ற வீடுகளின் மரத்தை மரவளையம் எண்ணிக் காலம் கணித்தபோது, பல வீடுகள் 15-ஆம் நூற்றாண்டுக்கும், சில அதற்கு முன்னுக்கும் போயின. குடியானவன் கட்டியது அறுநூறு வருடம் நின்றிருக்கிறது.

பூட்டும் சாவியும் இங்கே வந்து பொருந்துகின்றன. தச்சனை அழைத்து ஓக் மரத்தில் வீடு கட்டுகிறவன் கதவுக்குப் பூட்டும் போடுவான்.

ஒரு நெருடல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வளைமரத்தின் கால் சில சமயம் தரையில் ஒரு பாதக்கல் மேல் உட்காரும். அப்படி இருந்தால் கல் தெரியும். சில சமயம் சுவரின் அடிவரிசைக்கு மேலேயே உட்காரும். அப்படி உட்கார்ந்தால், சுவரை மாற்றும்போது அந்தத் தடயமும் போய்விடும். ஆகவே 'பாதக்கல் இல்லை, அதனால் வளைமரம் இல்லை' என்றும் சொல்ல முடியாது. 'பாதக்கல் இல்லை, ஆனாலும் வளைமரம் இருந்தது' என்றால் எந்த வரைபடத்துக்கும் இந்த விளக்கத்தைப் பொருத்திவிடலாம். எனக்கு ராத்மெலின் வாசிப்புதான் சரியாகப் படுகிறது. ஆனால் என்னை இணங்க வைத்தவை ஆவணமும் நிற்கும் வீடுகளும்தான். பத்தாம் மனையின் மண் தனியாக இதை நிரூபிக்கவில்லை.

பின்விளைவு

ஒரு வீட்டின் சுவரைப் பற்றிய வாதம் ஊரின் வாழ்க்கையைப் பற்றிய வாதமாக மாறியது. தலைமுறைக்கு ஒரு குடிசை என்றால் அந்தக் குடியானவன் கையில் எதுவும் தங்கவில்லை என்று அர்த்தம். தலைமுறைகள் தாண்டி நிற்கும் வீடு என்றால் மரத்துக்கும் தச்சனுக்கும் செலவழிக்க முடிந்தது, மகனுக்கு விட்டுச்செல்ல ஒன்று இருந்தது என்று அர்த்தம். வுஸ்டர்ஷயர் பக்கத்து ஆவணங்களிலிருந்து வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் டையரும் 1980-களில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஊர் காலியான விதமும் கொஞ்சம் தெளிவாகிறது. வோல்ட்ஸ் மேட்டில் பெரிய மரம் குறைவு. வெறுமையான வீட்டில் முதலில் போவது வளைமரம்தான். மரம் போனால் கூரை இறங்கும், சாக் கல் சில குளிர்காலத்தில் கரைந்து மேடாகிவிடும். பிறகு புல். தோண்டியவர்கள் கண்டது வீட்டிலிருந்து விலையுள்ளதெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சிய பகுதியை. 1950-களில் அதுவே வீடு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

வாரம் பெர்சியில் வேலை 1990 வரை, நாற்பது கோடை, தொடர்ந்தது. பெரஸ்ஃபோர்டும் ஹர்ஸ்டும் கடைசிவரை கூட இருந்தார்கள். தங்கள் விளக்கத்தைக் கவிழ்த்த ராத்மெலின் ஆய்வு அந்த அகழாய்வின் அறிக்கை வரிசையிலேயே ஒரு தொகுதியாக 1989-ல் வந்தது. இது எல்லாத் துறையிலும் நடக்கிற காரியம் இல்லை.

இன்று தோண்டினால் மாறுவது

வீடு முழுவதையும் திறந்ததும் கல்லுக்குக் கல் வரைந்ததும் மாறக் கூடாதவை. 1953-ல் வரைந்தவர் தன் விளக்கத்துக்குத் தேவையான சுவரை மட்டும் வரைந்திருந்தால், 1989-ல் வேறு விளக்கத்துக்கு வழி இருந்திருக்காது. சாயாமல் வரைந்ததால்தான் பின்னால் வந்தவர் எதிர்த்துப் பேச முடிந்தது.

தரை மண்ணை இன்று அப்படியே வாரிக் கொட்ட மாட்டார்கள். கூட்டிச் சுத்தமாக்கிய தரையிலும் நுண்ணிய படிவு இருக்கும். தரையில் கட்டம் போட்டு மண் எடுத்து, சாணமும் மூத்திரமும் விட்டுப்போகும் பாஸ்பேட்டை அளந்தால், இடைகழிக்கு மறுபக்கத்தில் மாடு கட்டியிருந்தார்களா, மூட்டைதான் அடுக்கியிருந்தார்களா என்று கேட்கலாம். மண்ணைத் தண்ணீரில் அலசிச் சலித்தால் கருகிய தானியமும் மீன்முள்ளும் வரும். 1950-களில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்தார்கள். தரையைச் சின்னக் கட்டியாக வெட்டி, பிசினில் இறுக்கி, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், எத்தனை தடவை புதுத் தரை போட்டார்கள் என்பதை அடுக்கடுக்காக எண்ணலாம். சுவர் எத்தனை தடவை மாறியது, தரை எத்தனை தடவை மாறியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தலைமுறைக்கு ஒரு வீடா இல்லையா என்ற வாதம் அங்கேயே முக்கால்வாசி தீர்ந்திருக்கும்.

குழியருகே நிற்க வேண்டியவர்கள் பட்டியலும் மாறும். பெரஸ்ஃபோர்ட் பக்கத்திலேயே இருந்தார், ஆவணம் படிக்கத் தெரிந்தவர். ஆனால் அவர் தேடிய ஆவணம் ஊர் இருந்ததா, எப்போது போனது என்பதைப் பற்றியது. வீட்டுக்கு மரம் எப்படி வந்தது என்ற கேள்வியோடு பண்ணைப் பதிவேட்டை யாரும் அப்போது புரட்டவில்லை. பழைய மரவீடு பழுதுபார்க்கும் தச்சர் ஒருவரை ஒரே ஒரு ஜூலைக்கு அழைத்து வந்திருந்தால், முதல் நாளே கேட்டிருப்பார்: கூரை எங்கே உட்கார்ந்தது ஐயா?

கடைசியாக, பெயர் வைக்கும் பழக்கம். ஒரு சுவர் வரிசை தெரிந்தவுடன் 'முதல் வீடு', 'இரண்டாம் வீடு' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டால், அடுத்த நாள் கிடைக்கும் துண்டு அந்த வீட்டைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இன்று தோண்டுகிறவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் மட்டும் கொடுக்கிறார்கள். எந்தத் துண்டு எதை வெட்டுகிறது, எதன் மேல் கிடக்கிறது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதுகிறார்கள். வீடு என்ற சொல் தோண்டும்போது குறிப்பேட்டில் வராது. எல்லாத் துண்டும் வரைந்து முடிந்து, மேஜை மேல் வைத்து, யாராவது எதிர்வாதம் செய்த பிறகுதான் வரும்.